கிருபாபாய் அம்மையார்

புதுக்கோட்டையின் புகழை நாடெங்கும் பரப்பியவருள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முன்வரிசையில் நிற்பவர். அவர் 1886 ஆம் ஆண்டு அந்நகரில் பிறந்தார். ஆடவர் மட்டுமே பயின்றுவந்த மன்னர் கல்லூரியில் பெண்ணொருத்தி சேர்வதா என்று ஊரார் சிலர் எதிர்த்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்து அவரைச் சேர்த்துக் கொள்ளச் செய்தார். பின்னர் 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவர், 1912 இல் பட்டம் பெற்று வெளிவந்தார். இவ்வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம்.

அவர் அக்கல்லூரியில் அடியெடுத்து வைப்பதற்கு 29 ஆண்டுகட்கு முன்னரே, பதினாறு வயது நங்கை ஒருவர் அதே கல்லூரிக்கு மருத்துவம் பயில வந்தார். அந்நங்கைக்கு மருத்துவராகும் பேறு கிட்டவில்லை. ஓராண்டு முடிவதற்குள் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. கத்தியும் கட்டும் ஏந்த வேண்டிய கை, பின்னர் எழுதுகோலை ஏந்தியது. தம் வாழ்வையே கதையாக்கி, உள்ளதை உள்ளவாறே உரைத்து, அவர் ஆங்கிலத்தில் ஒரு நாவல் படைத்தார். அவரே கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார்.

பிறப்பும் பெற்றோரும்

கிருபாபாய் 1862 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14 ஆம் நாள், பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த அகமதுநகரில் பிறந்தார். அவ்வூர் இன்று அகில்யாநகர் என வழங்கப்பெறுகின்றது. தந்தையார் அரிபந்து, தாயார் இராதாபாய். இருவரும் மராட்டிய அந்தணர் குலத்தினர். கிறித்தவ சமயத்தைத் தழுவியவர்கள். அக்காலத்தில் அவ்வாறு சமயம் மாறியவர் தம் சுற்றத்தாரோடு உண்ணலும் உறவாடலும் இயலாது. பிறந்த வீட்டின் வாயில் அவர்க்கு அடைபட்டது. புகுந்த சமூகத்திலோ அவர் புதியவர். இரு கரைக்கும் நடுவே நின்ற இக்குடும்பத்தில் பதின்மூன்றாம் குழந்தையாகத் தோன்றியவர் கிருபாபாய்.

அவர் சிறுமியாக இருக்கும்போதே தந்தையார் காலமானார். குடும்பப் பொறுப்பு தாயார்மீதும், மூத்த தமையனாராகிய பாஸ்கர்மீதும் விழுந்தது. பாஸ்கர் கற்றவர், உயர்ந்த எண்ணங்கள் உடையவர். தங்கையின் கூரிய அறிவைக் கண்டு, பெண் என்று ஒதுக்காமல், நூல்களைப் பற்றியும் நாட்டு நிலையைப் பற்றியும் அவரோடு உரையாடுவார். தக்காணத்துக் குன்றுகளின் அழகைக் கண்டு மகிழவும், எதனையும் தாமே எண்ணித் துணியவும் அத்தமையனாரே அவர்க்குக் கற்பித்தார். அடுக்களை அலுவலில் மனம் செல்லாது புத்தகத்தோடு மூலையில் ஒதுங்கும் மகளைக் கண்டு தாயார் கவலையுற்றார். அடுப்பறியாப் பெண் நாளை எங்ஙனம் வாழ்வாள் என்னும் கவலை அக்காலத் தாய்மார்க்கு இயல்பேயன்றோ! ஆனால் அன்புத் தமையனாரும் இளமையிலேயே இறந்தார். அப்பிரிவு கிருபாபாயின் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று.

கல்வியும் தடையும்

தமையனார் மறைந்தபின், ஐரோப்பியப் பெண்மணிகள் இருவரின் பாதுகாப்பில் கிருபாபாய் சிலகாலம் வாழ்ந்தார். பின்னர்ப் பம்பாயில் விடுதியோடு கூடிய பள்ளியொன்றில் சேர்க்கப்பெற்றார். அங்கே அமெரிக்க நாட்டு மருத்துவ அம்மையார் ஒருவர் அவருடைய திறமையைக் கண்டு, மருத்துவம் பயிலுமாறு ஊக்கினார். ஆடவரான மருத்துவர் தம்மைத் தொட்டு நோயறிவதை நாணி, மருந்தின்றியே மாண்ட பெண்கள் அந்நாளில் எண்ணற்றோர். அவர்கட்குத் துணைபுரியப் பெண் மருத்துவர் வேண்டும் என்பதைக் கிருபாபாய் உணர்ந்தார். அதுவே தம் வாழ்வின் பணி என உறுதிகொண்டார்.

இங்கிலாந்து சென்று பயில அவர்க்கு உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால் கடல் கடந்த குளிர்நாட்டில் வாழ அவருடைய உடல்நிலை இடந்தராது எனக் கண்டு, அத்திட்டம் கைவிடப்பட்டது. நல்வினைப் பயனாக வேறொரு வாயில் திறந்திருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875 இல் பெண்கள் நால்வரைச் சேர்த்துக் கொண்டு, பெண்களுக்கும் தன் கதவைத் திறந்திருந்தது. 1878 இல் கிருபாபாய் தனியே சென்னைக்கு வந்து அக்கல்லூரியில் சேர்ந்தார். மொழி புதிது, ஊர் புதிது, பயிலும் கல்வியோ இந்தியப் பெண்ணுலகிற்கே புதிது.

சென்னையில் அவர் டபிள்யூ. டி. சத்தியநாதன் என்னும் தமிழ்க் கிறித்தவப் போதகரின் இல்லத்தில் தங்கினார். அவருடைய மனைவியார் அன்னா அம்மையார், பெண்கல்விக்காகப் பள்ளிகள் நடத்தித் தொண்டாற்றியவர். அவ்வில்லத்தார் கிருபாபாயை மகளெனப் போற்றினர். முதலாண்டுத் தேர்வில் அவர் பல பாடங்களில் பரிசு பெற்றார். ஆயினும் ஓயாத உழைப்பை அவருடைய மெலிந்த உடல் தாங்கவில்லை. 1879 இல் படிப்பை நிறுத்திவிட்டுப் பூனாவில் தம் தமக்கையின் வீட்டிற்குச் சென்று ஓய்வுகொள்ள நேர்ந்தது. மருத்துவராகும் கனவு அத்துடன் முடிந்தது. அப்போது அவர்க்கு வயது பதினேழு.

இல்லறமும் எழுத்தும்

உடல் தேறிச் சென்னைக்குத் திரும்பிய கிருபாபாய், அப்போதகரின் மைந்தரும் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் பயின்று திரும்பியவருமான சாமுவேல் சத்தியநாதனை மணந்தார். மராட்டியர் குலமகள் இவ்வாறு தமிழ்க் குடும்பத்தின் மருமகளானார். சாமுவேல் உதகமண்டலத்தில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியராகப் பணியேற்றபோது, கிருபாபாயும் உடன் சென்றார். அங்கே முஸ்லிம் சிறுமியர்க்கெனப் பள்ளியொன்று தொடங்கினார். நீலகிரி மலையில் வாழும் தோடர்களைக் காணச் சென்றதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். தம் பெயரை வெளியிடாமல், இந்தியப் பெண்மணி ஒருத்தி என்னும் குறிப்போடு இதழ்களில் எழுதிவந்தார்.

கணவரின் பணியை ஒட்டி, அவர்கள் கோதாவரிக் கரையிலுள்ள இராசமகேந்திரபுரத்திலும், காவிரிக் கரையிலுள்ள கும்பகோணத்திலும் வாழ்ந்து, பின்னர்ச் சென்னையில் நிலையாகத் தங்கினர். இடையிடையே நோய் வருத்தியபோதிலும் அவர் எழுத்தை விடவில்லை. 1887, 1888 ஆம் ஆண்டுகளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் அவருடைய முதல் நாவலாகிய சகுணா தொடர்கதையாக வெளிவந்தது. இந்தியப் பெண்ணொருத்தி ஆங்கிலத்தில் எழுதிய முதல் தன்வரலாற்று நாவல் என இதனை அறிஞர் பலர் போற்றுகின்றனர்.

தன் கதையே நாவலாதல்

ஒருவர் தம் வாழ்வை எழுதினால் அது தன்வரலாறு. அவ்வாழ்வையே அடிப்படையாகக் கொண்டு, பெயர்களை மாற்றி, நிகழ்ச்சிகளைக் கோவைப்படுத்திக் கதையாக அமைத்தால் அது தன்வரலாற்று நாவல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இவ்வகை சிறந்து விளங்கிற்று. சார்லசு டிக்கன்சு என்னும் பேராசிரியர், பன்னிரண்டு வயதில் காலணி மெருகு செய்யும் தொழிலகத்தில் புட்டிகளுக்குத் தாள் ஒட்டிப் பிழைத்தவர். அத்துன்பத்தை அவர் 1849, 1850 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட டேவிட் காப்பர்பீல்டு என்னும் நாவலில், வேறொரு சிறுவன் பட்ட துன்பமாக அமைத்தார். தம் மனத்தை உறுத்திய உண்மையை நேரே சொல்லக் கூசுபவர்க்குக் கதை ஒரு திரையாகவும் உதவும்; விளக்காகவும் உதவும்.

நம் அணியிலக்கணம் இயல்பு நவிற்சி என்றும் உயர்வு நவிற்சி என்றும் இரண்டு அணிகளைப் பிரித்துக் கூறும். ஒரு பொருளை அதன் இயல்பு தோன்ற உள்ளவாறே கூறுவது இயல்பு நவிற்சி. உலகியல் கடந்து மிகுத்துக் கூறுவது உயர்வு நவிற்சி. இயல்பு நவிற்சியை ஒரு செய்யுளுக்கு அன்றி, ஒரு நூல் முழுமைக்கும் உயிராகக் கொண்டால் எவ்வாறு இருக்கும்? அவ்வாறு எழுதப்படும் கதையையே இக்காலத்தார் நடப்பியல் நாவல் என்பர். அதில் அரக்கரும் இல்லை. பறக்கும் தேரும் இல்லை. நம் அண்டை வீட்டில் காண்பவரும், அடுக்களையில் கேட்பனவுமே அங்குக் கதையாகும். கிருபாபாய் சென்ற வழி இதுவே.

சகுணா காட்டும் உண்மை

சகுணா என்பது கதைத்தலைவியின் பெயர். அவள் தன் கதையைத் தானே சொல்கின்றாள். ஆயினும் கதை அவளிடமிருந்து தொடங்கவில்லை. அவளுடைய தாய் இராதாவிடமிருந்து தொடங்குகின்றது. சிறுமியாகவே மணமுடிக்கப்பெற்று மாமியார் வீட்டில் வாழும் இராதாவை நாம் முதலில் காண்கின்றோம். அவளுடைய கணவன் மெய்ப்பொருளைத் தேடி அலைந்து, இறுதியில் கிறித்தவன் ஆகின்றான். கணவனைப் பின்பற்றுவதா, பிறந்த குலத்தின் வழியில் நிற்பதா என்று இராதா கலங்குகின்றாள். கணவனோடு வந்தபின்னும் அவள் மனம் உடனே மாறவில்லை. அவள் அழுகின்றாள், தன் பழைய ஒழுக்கத்தை விடாது காக்கின்றாள், நெடுநாட்கழித்தே மெல்ல மெல்ல அமைதியுறுகின்றாள்.

இவ்விடத்தில் நாம் ஒன்றைக் கருத வேண்டும். கிருபாபாய் கிறித்தவ சமயத்தில் உறுதியான பற்றுடையவர். தம் சமயத்திற்குப் பெருமை தேடுவதே நோக்கமாயின், தாய் மகிழ்ச்சியோடு ஒரே நாளில் மனம் மாறினாள் என்று எழுதியிருக்கலாம். அவர் அங்ஙனம் எழுதவில்லை. தாயின் கண்ணீரைத் துடைத்து மறைக்காமல், கண்ணீராகவே காட்டினார். தாம் விரும்பிய கொள்கைக்காகவும் உண்மையை வளைக்காத இந்நேர்மையே நடப்பியல் எழுத்தின் முதற்பண்பாகும்.

இந்நேர்மையை அவர் எல்லாரிடத்தும் ஒருபடியாகவே காட்டினார். கல்வியறிவு பெறாது, வாய்திறவாது, மாமியார் கொடுமைக்கு ஆளாகி வாடிய சிறுமணப் பெண்களின் துயரை எழுதினார். அதே எழுதுகோலால், இந்தியரைத் தம்மினும் தாழ்ந்தவராக எண்ணி நடத்திய வெள்ளைப் பெண்மணிகளின் செருக்கையும் எழுதினார். ஆங்கிலேயரின் உடையையும் நடையையும் போலிசெய்து, தம் நாட்டாரை இகழ்ந்த இந்தியக் கிறித்தவரின் பேதைமையையும் எழுதினார். தமக்கு உணவும் கல்வியும் அளித்த கூட்டத்தாரின் குறையைக் கூறுதற்கு மிக்க துணிவு வேண்டும். ஆனால் அவர் பகைகொண்டு எழுதினாரல்லர். அவ்வெள்ளைப் பெண்மணிகளிடம் கண்ட அன்பையும் மறவாது எழுதினார்.

தம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை. சகுணா குற்றமற்ற தெய்வப் பாவை அல்லள். அவள் சினங்கொள்வாள், பிடிவாதம் பிடிப்பாள், தன் அறிவைப் பற்றிச் செருக்கும் அடைவாள், பின்னர் நாணுவாள். பெரிய வெற்றியொன்றும் அவளுக்கு வந்து சேரவில்லை. மருத்துவக் கல்லூரியில் சேர்கின்றாள், நோயுற்று நீங்குகின்றாள். அந்தத் தோல்வியையும் அவர் தோல்வியாகவே எழுதினார். அதனாலேயே அது படிப்பவர் நெஞ்சைத் தொடுகின்றது.

நூலில் குறைகளும் இல்லாமல் இல்லை. கதை நடக்கும்போதே இடையில் அறிவுரை புகுந்து ஓட்டத்தைத் தடுப்பதுண்டு. மலையும் மாலையும் வருணிக்கப்படும் பகுதிகள் சிலவிடத்து நீள்வதுண்டு. ஆயினும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த பெண்ணின் மனம் எவ்வாறு எண்ணிற்று என்பதை உள்ளிருந்தே ஒருத்தி சொல்லக் கேட்கும்போது, இக்குறைகள் பெரியனவாகத் தோன்றா.

இறுதி நாவல்

கிருபாபாய்க்குப் பிறந்த ஒரே குழந்தை, ஓராண்டு நிறைவதற்கு முன்னரே இறந்தது. அத்துயரால் அவர் மனமும் உடலும் ஒருங்கே நலிந்தன. அவரைப் பெற்றோரைப்போலப் பேணிய மாமியாரும் மாமனாரும் மறைந்தனர். காசநோய் அவரைப் பற்றியது. தமக்கு எஞ்சிய நாட்கள் சிலவே என்பதை மருத்துவம் பயின்ற அவர் அறியாமலிரார். அந்நிலையில் கமலா என்னும் இரண்டாவது நாவலை எழுதத் தொடங்கினார்.

கமலா ஓர் இந்துப் பெண்ணின் கதை. மலைப்புறத்தில் தந்தையோடு வளர்ந்த கமலா, மணமாகிப் புகுந்த வீட்டில் பல துன்பங்களுக்கு ஆளாகின்றாள். பின்னர்க் கணவனை இழக்கின்றாள். அவளை உண்மையாக நேசிக்கும் ஒருவன் மறுமணம் செய்துகொள்ள அழைக்கின்றான். அவள் உள்ளம் அசைகின்றது. எனினும் தான் வளர்ந்த முறைமையை மீற அவளால் இயலவில்லை. கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோர்க்கும் தொண்டு செய்து வாழ்கின்றாள். பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைக் கண்டித்தவராயினும், கிருபாபாய் கமலாவின் வாயில் தம் சொற்களைத் திணிக்கவில்லை. அக்காலத்தில் அச்சூழலில் வளர்ந்த ஒரு பெண் எவ்வாறு நடந்திருப்பாளோ அவ்வாறே அவளை நடக்கவிட்டார்.

நாவல் முடிந்தது, வாழ்வும் முடிந்தது. 1894 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3 ஆம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதில் கிருபாபாய் அம்மையார் காலமானார். கமலா அவ்வாண்டிலும், சகுணா 1895 இலும் நூல்களாகச் சென்னையில் வெளிவந்தன. 1896 இல் இரண்டும் தமிழிலும் பெயர்க்கப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில்தான் இராஜமையர் என்னும் இளைஞர், விவேக சிந்தாமணி என்னும் இதழில் கமலாம்பாள் சரித்திரத்தைத் தமிழில் எழுதி, நம் ஊர்ப்புற வாழ்வை உள்ளவாறே காட்டினார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்து எழுதினர் என்பதற்கில்லை. எனினும் ஒரே மாகாணத்தில், ஒரே காலத்தில், இரு மொழிகளில் இல்வாழ்வின் இயல்பு கதையாயிற்று என்பது எண்ணி மகிழத்தக்கது.

நாம் கொள்ளத்தக்கது

காலப்போக்கில் கிருபாபாயின் நூல்கள் மறக்கப்பட்டன. நூறாண்டு கடந்தபின், 1998 இல் அவை மீண்டும் அச்சேறின. இன்று பல்கலைக் கழகங்களில் ஆராயப்படுகின்றன. மாளிகைகளையும் மன்னர்களையும் பற்றிய கதைகள் எத்தனையோ அழிந்தன. ஒரு சிறுமி பட்ட சிறுமையும், ஒரு தாய் சிந்திய கண்ணீரும், ஒரு மாணவி விட்டுச்சென்ற படிப்பும் அழியாமல் நின்றன. உண்மைக்குள்ள ஆற்றல் அத்தகையது.

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், கிருபாபாய் நடுவழியில் விட்ட படிப்பை முற்ற முடித்து, எண்ணற்ற பெண்களின் நோய் தீர்த்தார். 1927 இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராகவும் விளங்கி, பெண்களின் துயர்தீர்க்கச் சட்டம் இயற்றப் பாடுபட்டார். ஒருவர் நோயைத் தீர்த்தார். மற்றவர் நோய் இன்னதென்று எடுத்துக்காட்டினார். நோயை அறியாமல் மருந்து கொடுத்தல் கூடுமோ? நோய்நாடி, அதன் முதல் நாடுதலே மருத்துவத்தின் தொடக்கம் அன்றோ! கிருபாபாய் அம்மையார் கல்லூரியை விட்டு நீங்கினாலும், அப்பணியை எழுத்தினால் ஆற்றினார் என்று கூறுதல் பொருந்தும்.

நாமும் ஒரு கட்டுரையோ கதையோ எழுத அமரும்போது, கேட்டறியாத நாட்டையும் கண்டறியாத மாந்தரையும் தேடி அலைய வேண்டுவதில்லை. நம் வீட்டுத் திண்ணையும், ஊருணிக்கரையும், பள்ளிக்கு நடந்துவரும் செம்மண் பாதையும், அங்கு நாம் கண்ட இன்பதுன்பங்களுமே போதும். கண்டதைக் கூட்டாமலும் குறையாமலும் எழுதுதல் எளிதன்று. வேண்டியவர் குறையை மறையாமலும், வேண்டாதவர் நிறையை மறவாமலும் எழுதுதல் அதனினும் அரிது. அவ்வரிய செயலை, நோயும் இழப்பும் சூழ்ந்த 32 ஆண்டு வாழ்வினுள் செய்துமுடித்தவர் கிருபாபாய் அம்மையார்.